பபாய்க் குழியில் உப்பு

எங்கள் தீவில் அடுத்தவள் புருஷனை எட்டிப் பார்த்தால்கூட மன்னிப்பு உண்டு. அடுத்த வீட்டுப் பபாய்க் கிழங்குக் குழியை எட்டிப் பார்த்தால் கிடையாது. பபாய் என்றால் சேம்புபோல ஒரு பெரிய கிழங்கு, எங்கள் மணலில் குழி வெட்டித்தான் அதை வளர்க்க வேண்டும். குழிக்கு என்ன தழை போடுவது, எவ்வளவு கறுப்பு மண், எந்தப் பிறையில் போடுவது எல்லாம் அந்தந்தக் குடும்பத்து ரகசியம். கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. அந்த வழக்கத்தை நினைத்தால் இன்று எனக்கு வயிறு எரிகிறது.

என் அண்ணன் மனைவி மரேவா இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்து இருபத்தாறு வருடம். அண்ணனுக்கு வெளிநாட்டுக் கப்பலில் வேலை. வீடும் குழியும் அவள் கையில். நிலத்தடியில் நல்ல தண்ணீர் ஊறும் மட்டம்வரை, ஆள் உயரத்துக்கு வெட்டிய குழி அது. ஒவ்வொரு செடியைச் சுற்றியும் தாழை ஓலையைக் கூடைபோலப் பின்னி, காய்ந்த தழையை நறுக்கிப் போட்டு, பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டுவாள். கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பால் விட்டு, இலையில் கட்டிச் சுடுகல்லில் வேகவைப்பாள். தென்னங்கள்ளைக் காய்ச்சிப் பாகும் அவளே எடுப்பாள். கடை அரிசி அவள் அடுப்பில் ஏறியதே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

"என்னடி தாபேரா, உங்க வீட்டுப் பக்கம் கடை வாசம் அடிக்குது?" என்று ஒருநாள் வேலியோரம் நின்று கேட்டாள்.

"உங்க மூக்குக்கு வயசாயிடுச்சு அண்ணி" என்றேன்.

அவள் மூக்கில் கோளாறு இல்லை. என் குழி செத்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. முதலில் இலை ஓரம் கருகியது. பிறகு கிழங்கு தண்ணீரில் ஊறிய சோப்புக்கட்டிபோல் கொழகொழவென்று ஆனது. குழித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. வெளியே சொன்னால் குழி பேணத் தெரியாதவள் என்பார்கள். அதனால் குழியைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு சோறு பொங்கினேன். காலிச் சாக்குகளை எரித்தேன்.

என் குழி கடல் பக்கம். அவளுடையது அதற்கு அடுத்தது, நடுவில் எழுபது அடிகூட இருக்காது. உப்பு என்னோடு நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் குழியின் நடுவில் நான்கு செடிகள் எட்டு வருடமாகக் கத்தி படாமல் நின்றன. மகன் இயோபாவின் கல்யாணத்துக்கு என்று விட்டவை. ஊர் மண்டபத்தில் பெண் வீட்டார் முன்னால் மாப்பிள்ளை வீடு கிழங்கை இறக்க வேண்டும். அரிசி மூட்டையை இறக்கிய வீட்டை இரண்டு தலைமுறைக்குப் பேசுவார்கள்.

கல்யாணம் நிச்சயமான வருடம் மழை இல்லை. "டீயில உப்பை அள்ளிக் கொட்டினது யாருடா?" என்று மரேவா இயோபாவைத் திட்டுவது எனக்குக் கேட்டது. யாரும் கொட்டவில்லை, அது கிணற்றுத் தண்ணீர். பிப்ரவரியில் பெரிய அலை வந்தது. என் செத்த குழியில் தண்ணீர் கடலோடு ஏறி, கடலோடு இறங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் வேலிவரை போனேன்.

"அண்ணி, குழி எப்படி இருக்கு?"

அவள் முகம் இறுகிவிட்டது. "அது உனக்கெதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

திரும்பி வந்துவிட்டேன். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அதன்பிறகு என்றும் இல்லாத அளவுக்குக் கூடை கூடையாகத் தழை சுமந்துபோனாள். இலை ஓரம் கருகத் தொடங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஊட்டியது போதவில்லை என்று பாவி நினைத்திருக்கிறாள். முதுகு வளைய வளைய அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நான் தட்டிக்குப் பின்னால் நின்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கிழங்கு பிடுங்க என்னையும் கூப்பிட்டாள். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய செடி அது. இயோபா ஒற்றைக் கையால் இழுத்தான், வந்துவிட்டது. அடியில் கிழங்கு இருந்த இடத்தில் நாற்றமடிக்கும் கூழ்தான் இருந்தது. மற்ற மூன்றின் அடியிலும் அதே கூழ்தான்.

மரேவா குனிந்து குழித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து என் தட்டியைப் பார்த்தாள்.

"உன்னுது எப்போ போச்சு?"

"மூணு வருஷமாச்சு அண்ணி."

"அப்பவே சொல்லியிருந்தா தீவு நடுவுல வேற குழி வெட்டி இதுங்களை மாத்தியிருப்பேனே."

அவள் கத்தவில்லை. இரண்டு அறை கொடுத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். மேலே ஏறி வந்து கை கழுவினாள், இயோபாவைக் கடைக்கு அனுப்பினாள். அவன் சைக்கிளில் இரண்டு மூட்டை கொண்டுவந்தான். பெரிய பானையை அடுப்பில் ஏற்றி, மூட்டையின் நூலை அவளே அறுத்தாள்.

"வா. இதுக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்னு உனக்குத்தான் தெரியும்" என்றாள்.

கிணற்றிலிருந்து மொண்டு ஊற்றினேன். உப்புப் போட வேண்டியிருக்கவில்லை.