கரூர் ரோட்டு மரங்களும் தொலைந்த நோட்டும்

வனவியலும் லேண்ட்ஸ்கேப்பும் படிக்க வரும் மாணவர்களுக்கு வருடத்தில் சில நாட்கள் நான் வகுப்பு எடுக்கிறேன். களத்துக்குப் போனால் எப்படி வேலை செய்வது என்பதுதான் பாடம். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழையில் ஓடிவிடும். டேப்பைச் சுற்றுவதற்கு முன்னால் பட்டையில் முசுறு எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். கட்டிப்பிடித்த பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை. சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கம் நின்று அளவெடுங்கள். மரத்தின் பெயரை முதலில் அதன் நிழலில் கடை போட்டிருப்பவரிடம் கேளுங்கள், லத்தீன் பெயரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வேன். அசல் நோட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். என்னிடமும்தான். மாணவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

மாணவர்கள் மேல் எனக்குள்ள அக்கறையில் இதெல்லாம் சொல்கிறேன் என்று துறையில் நினைக்கிறார்கள். அக்கறை பிறகு வந்ததுதான். முதலில் இருந்தது ஒரு மனிதர் மேல் நான் பன்னிரண்டு வருடம் வளர்த்த வன்மம்.

முதுகலை இரண்டாம் வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆய்வு, கரூர் ரோட்டில் திருச்சியிலிருந்து ஜீயபுரம் வரைக்கும் நிற்கும் சாலையோர மரங்களைக் கணக்கெடுப்பது. என்னோடு படித்த ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருத்தியும் வந்தாள். அவள் அப்பா கோயிலில் பாசுரம் சேவிப்பவர். காலையில் அவர் சேவாகாலம் முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் இவள் கிளம்ப முடியும். நான் கைலாசபுரம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து வருவேன். இருவரும் சத்திரம் பேருந்து நிலையத்தில் சந்தித்து ஜீயபுரம் பஸ் ஏறுவோம். அவள் டேப் பிடித்து அளவைச் சொல்ல, நான் எழுதுவேன். ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் வாழைத் தோட்டம், நடுவில் லாரி. ஐந்து மாதம் இப்படிப் போனது. நான்கு நோட்டுகள் நிறைந்தன.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் நான்கையும் வாங்கி மேசையில் வைத்துப் புரட்டினார். "பாத்துட்டுத் தரேன்மா" என்றார். ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். "எந்த நோட்டு? ஓ, அதுவா. ரூம் மாத்தினப்ப எங்கயோ போயிடுச்சு போலிருக்கு. இன்னொரு தடவை எடுத்துடேன். உனக்கும் பிராக்டிஸ் ஆகும்."

இன்னொரு தடவை எடுத்தேன். அதற்குள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் தனியாகவே எடுத்தேன். ஒரு பருவம் போனது. வடக்கே ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்குக் கிடைத்திருந்த இடமும் அந்தத் தாமதத்தில் போனது.

அடுத்த வருடம் திருச்சியில் ஒரு கருத்தரங்கு. மேடையில் அதே பேராசிரியர், திரையில் கரூர் ரோட்டு மரங்களின் அட்டவணை. முத்தரசநல்லூருக்கு முன்னால் ஒரு பெரிய மருத மரம் உண்டு. அடியில் அம்மன் சிலையும் அதைச் சுற்றி இரும்புக் கம்பி வேலியும் இருந்ததால், மார்பளவு உயரத்தில் டேப் போட முடியாமல் வேலிக்கு மேலே ஆறடி உயரத்தில் அளந்து, ஓரத்தில் அதைக் குறித்தும் வைத்திருந்தோம். திரையில் அதே எண் இருந்தது. ஓரக் குறிப்பு மட்டும் இல்லை.

தேநீர் இடைவேளையில் அவரிடம் போய்க் கேட்டேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே சொன்னார். "மரம் எல்லாருக்கும் பொதுதானம்மா. அளந்தா எல்லாருக்கும் ஒரே நம்பர்தான் வரும். உங்க அப்பா வீட்டு மரமா அது?"

என் அப்பா தொழிற்சாலையில் வெல்டர். அன்றைக்கு நான் அழுததைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் வைக்கிற ஒவ்வொரு வெல்டுக்குப் பக்கத்துலயும் என் நம்பரைக் குத்துவேன்" என்றார். "நாளைக்கு அது பிளந்தா என்னைத்தான் கூப்பிடுவாங்க. நீ எங்கயாவது உன் நம்பரைக் குத்தி வச்சியா?"

குத்தி வைக்கவில்லை. அதற்கப்புறம் நான் அளந்த எந்த மரத்துக்கும் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து உண்டு. என்னுடையது, கூட வந்தவருடையது, முடிந்தால் பக்கத்துக் கடைக்காரருடையது. இதையும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். வேடிக்கை பார்க்க வந்தவர் கையெழுத்துப் போட மறுக்கவே மாட்டார், பெருமையாகப் போடுவார்.

பன்னிரண்டு வருடத்தில் நான் மரக் கணக்கெடுப்பையே தொழிலாக்கிக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்று ஆலோசகர் ஆனார். அதே ரோட்டை அகலப்படுத்துவதற்காக எந்த மரத்தை வெட்டலாம், எதை விடலாம் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். அதில் என்னையும் சேர்த்தார்கள். முதல் கூட்டத்தில் மேசைக்கு வந்த அறிக்கை அவருடையது.

வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். களத்தில் கிறுக்கி நோட்டில் ஏற்றியபின் தூக்கிப்போட்டாயிற்று என்று நான் நினைத்திருந்த எங்கள் ரஃப் தாள்களை ஸ்ரீரங்கத்துத் தோழி இத்தனை வருடமும் புடவை அடுக்கிய பீரோவில் வைத்திருந்தாள். அவளை வரச்சொல்லி, தாள்களை அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு மரத்துக்கும் நாங்கள் எழுதிய சுற்றளவோடு சரியாக இருபது சென்டிமீட்டர் கூட்டியிருந்தார். வேம்புக்கும் இருபது, புங்கனுக்கும் இருபது, தூங்குமூஞ்சி மரத்துக்கும் இருபது. வெள்ளத்தில் விழுந்துபோன ஒரு நாவல் மரமும் இருபது சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது.

"கூட்டத்துலயே சொல்லிடுடி" என்றாள் தோழி.

"அறைக்குள்ள சொன்னா டைப்பிங் மிஸ்டேக்னுடுவார். ரோட்டுல வச்சுச் சொல்றேன்."

குழுவின் தலைவராக இருந்த அதிகாரியிடம் கூட்டுக் கள ஆய்வு வேண்டுமென்று எழுதிக் கொடுத்தேன். நாள் குறிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். சித்திரை மாதம், காலை பத்தரை மணி என்று குறித்தேன். என் வகுப்பு மாணவர்கள் இருபத்திரண்டு பேரையும், முன்பு டேப் பிடித்த தோழியையும் கூட்டிப்போக அனுமதி வாங்கினேன். களப்பயிற்சி என்று காரணம் எழுதினேன். உண்மையான காரணம், அவர் தலை குனிவதைப் பார்க்க ஆட்கள் வேண்டும் என்பது.

அவர் வெள்ளைச் சட்டையில் காரிலிருந்து இறங்கினார். என்னை அடையாளம் தெரிந்தது. "அட, நம்ம ஸ்டூடண்ட்" என்று அதிகாரியிடம் சொல்லிச் சிரித்தார்.

"ஆமா சார். இந்த முனையைப் பிடிங்க" என்று டேப்பை அவர் கையில் கொடுத்தேன்.

எல்லா மரத்தையும் ஒரு நாளில் அளக்க முடியாது என்பதால் இங்கொன்று அங்கொன்றாக எடுத்து, முதலில் ஒரு வேம்பைச் சுற்றி அளந்தோம். ஒரு மாணவி அளவை உரக்கப் படித்தாள். "உங்க ரிப்போர்ட்ல எவ்ளோ சார்?" என்று கேட்டேன். அவர் பக்கத்தைத் தேடிப் படித்தார். பொருந்தவில்லை. இரண்டாவது மரம் பொருந்தவில்லை. மூன்றாவது, நான்காவது. அவர் "அளக்கற முறையில வித்தியாசம் இருக்கும்" என்றார். "அப்ப நீங்களே அளங்க சார்" என்றேன். அளந்தார். எங்களுக்கு வந்த எண்தான் அவருக்கும் வந்தது. அதிகாரி ஒவ்வொன்றையும் தன் தாளில் குறித்துக்கொண்டிருந்தார்.

நாவல் மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரும்புச்சாறு வண்டி நின்றது. அதிகாரி வண்டிக்காரரிடம் கேட்டார்.

"அந்த மரமுங்களா? வெள்ளத்துல சாஞ்சுடுச்சுங்க. நான் வண்டி போட்டே நாலு வருஷம் ஆகப் போகுது."

நான் மாணவர்கள் பக்கம் திரும்பினேன். "எல்லாரும் எழுதிக்குங்க. விழுந்த மரம் இருபது சென்டிமீட்டர் வளந்திருக்கு. எப்படின்னு சார் சொல்வாங்க."

சார் அறிக்கையைப் புரட்டினார். அவர் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. வண்டிக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். சார் அதில் உட்கார்ந்து, அறிக்கையால் விசிறிக்கொண்டார். தோழி தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்தாள். என் பையிலும் தண்ணீர் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

"போறும்டி" என்று என் காதருகில் சொன்னாள். "பெருமாள் பாத்துப்பார்."

"பெருமாள்கிட்ட டேப் இல்ல. இன்னும் முப்பது மரம் இருக்கு" என்றேன்.

அந்த முப்பதில்தான் நான் நினைத்துப் பார்க்காதது நடந்தது. ஜீயபுரத்துக்கு முன்னால் வரிசையாக மூன்று இலுப்பை மரங்கள். அளந்தபோது அவருடைய அறிக்கையில் இருந்ததைவிட மட்டுமல்ல, எங்கள் பழைய அளவைவிடவும் மூன்றும் சிறியவையாக இருந்தன. பன்னிரண்டு வருடத்தில் மரம் இளைக்காது. மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி முதல் முறையாகக் கோபப்பட்டு, "இதையாவது போய்ப் பாத்தீங்களா, இல்லையா?" என்று அவரைக் கேட்டார்.

அந்த மூன்று மரங்களையும் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் தடவை நாங்கள் அளக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மரத்தடியில் முள்ளும் சேறும். "பார்வைக்கு இவ்ளோ இருக்கும், போட்டுடு" என்றாள் தோழி. நான் போட்டேன். வகுப்பில் நான் ஒவ்வொரு வருடமும் கண்டிக்கும் தப்பு. அளக்காததை அளந்ததாக எழுதுவது.

தோழி என்னைப் பார்த்தாள். நான் அடுத்த மரத்தைக் காட்டி, "வாங்க, அதைப் பாப்போம்" என்றேன். அந்தப் பழியும் அவர்மேலேயே விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சத்திரம் நெருங்கும்போது சொன்னாள். "அந்த மூணு நாம எழுதினது."

"தெரியும்."

"அவர் பண்ணாத தப்புக்கு அந்த ஆபீசர் அவரைத் திட்டிட்டார்."

"பண்ணின தப்புக்கு இத்தனை வருஷமா யாரும் திட்டலையே."

அவள் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அறிக்கையைக் குழு தள்ளியது. புதிய கணக்கெடுப்பை என் மாணவர்களை வைத்து நடத்தினேன். வெட்டுவதாக இருந்ததில் பாதிக்கு மேல் தப்பியது, மருத மரமும் தப்பியது. மீதியை வெட்டினார்கள். அவரை அதற்குப் பின் எந்தக் குழுவிலும் யாரும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட நாளில் சாக்லேட் வாங்கி வகுப்பில் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரே போன் செய்தார். குரல் மெலிந்திருந்தது.

"எல்லாம் என் தப்புதாம்மா, ஒத்துக்கறேன். ஆனா அந்த மூணு இலுப்பை, உன் நோட்டுல இருந்ததே கூடுதல், அதுமேலதான் மத்ததுக்கு மாதிரி இருபதைக் கூட்டினேன். அதிகாரிகிட்ட அதை மட்டும் சொல்லிடு. மரத்தையே பாக்காதவன்னு எழுதிட்டாங்க. முப்பது வருஷம் பாடம் எடுத்தவன்மா நான்."

உன் நோட்டு என்று அவர் வாயால் சொல்லிவிட்டார். இந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். அது வந்த நேரத்தில், என் பொய்யையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தது.

"எந்த நோட்டு சார்?" என்றேன். "தொலைஞ்சு போச்சுன்னீங்களே."

அவர் போனை வைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வருட வகுப்பில்தான் மூன்று இலுப்பை மரங்களின் கதையை மாணவர்களிடம் முழுதாகச் சொன்னேன். அவர்களில் சிலர் அந்தக் கள ஆய்வைப் பற்றித் தங்கள் சீனியர்கள் மூலம் கேள்விப்பட்டிருந்தார்கள். மரம் எப்படி இளைத்தது என்று ஒருவன் கேட்டான். அதற்கு மேல் மறைக்கத் தோன்றவில்லை. "அளக்காம எழுதினது நான்" என்றேன்.

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அப்ப அந்த சார்கிட்ட சொன்னீங்களா மேம்?"

"இல்ல."

"அதிகாரிகிட்ட?"

"இல்ல. சொல்றதா உத்தேசமும் இல்ல."

"அப்ப நீங்களும் அவரும் ஒண்ணுதானே மேம்?"

"இல்ல" என்றேன். "நான் மூணு மரம். அவர் மொத்த ரோடும்."

அவள் உட்கார்ந்தாள். நான் சொன்னதை அவள் ஏற்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்தப் பருவத்தில் அவளுடைய களக்குறிப்பைத் திருத்தியது நான்தான். ஒரு பிழையாவது அகப்படுமா என்று மூன்று முறை படித்தேன். இரண்டு மரங்களை நேரில் போய் அளந்தும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. முழு மதிப்பெண் போட்டு, அசல் நோட்டை அன்றைக்கே அவள் கையில் கொடுத்தேன்.