குடை பிடித்த வில்லன்

வீட்டோடு மாப்பிள்ளையாக மட்டாஞ்சேரிக்கு வந்தவன் நான். மாமனார் வீட்டு மாடியில், மாமனாரின் மேஜையில் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தேன். சின்னதில்லை, மகா பெரியது. தொலைந்துபோன தம்பியைத் தேடி ஒரு பெண் துறைமுக ஊருக்கு வருகிறாள். ஒவ்வொரு படகுத்துறையிலும் ஒரு புதிர். அதை அவிழ்த்தால் கதை நகரும். வசனமெல்லாம் தமிழில். மதுரைக்காரனுக்கு வசனம் எழுதச் சொல்லியா கொடுக்க வேண்டும்? எழுதித் தள்ளினேன்.

மாமனாருக்கும் எனக்கும் ஆகாது. எந்தக் காலத்திலோ பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் ஊன்றிய குடும்பம். அவர் மிளகுத் தரகு பார்த்து ஓய்ந்தவர். மாடியேறி வந்து என் திரையை எட்டிப் பார்ப்பார். "மாப்பிள்ளைக்கு இப்பவும் விளையாட்டு முடியலையாக்கும்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார்.

கதைக்கு வில்லன் தேவைப்பட்டபோது நான் தேடி அலையவில்லை. மடித்துக் கட்டிய வேட்டி, நரைத்த மீசை, வெயிலானாலும் மழையானாலும் கையில் கறுப்புக் குடை. மாமனாரை அப்படியே கிழப் படகோட்டியாக வரைந்துவிட்டேன். அந்தப் பெண் போகிற துறையிலெல்லாம் அவன் முன்கூட்டியே வந்து நிற்பான். மாமனார் என்னைச் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்வான், கூடவே நான் சேர்த்த விஷமும் இருக்கும். நேரில் வாய் திறக்க முடியாத மருமகனுக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி?

போன மழைக்காலத்தில் மாமனார் போய்ச் சேர்ந்தார். வில்லனை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவன் கதை முழுக்க ஊறிப்போயிருந்தான்.

என் மனைவிக்கு இடப்பள்ளியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "பஸ்ல எல்லாரும் சின்னச் சின்ன கேம்தான் ஆடறா. நீங்களும் அதுபோலப் பத்து பண்ணினா மதியே," என்றாள். போதுமே என்கிறாள். நான் கல்யாணச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருக்கிறேன், இவள் டீக்கடைப் பழம்பொரி கேட்கிறாள்! கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவள் முழுதும் ஆடிப் பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் நான் தொடர்வேன்; இல்லையென்றால் பெரியதைத் துண்டு போட்டுச் சின்னதாக்கிவிடுவேன்.

பஸ் சுள்ளிக்கல் ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் போனைத் திறந்துவிடுவாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடி முடித்தாள்.

"கயிறு அவிழ்க்கற புதிர் நன்னாருக்கு."

"வசனம்?"

"எந்த வசனம்?"

"கீழே தமிழ்ல வருதே!"

"அதா? எனக்குத் தமிழ் வாசிக்க அறியாதே. தட்டித் தட்டித் தள்ளிட்டேன்."

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவள். தினமும் மலையாளப் பேப்பர் படிப்பதைக் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்பது இந்த மரமண்டையில் ஏறவே இல்லை. யாருக்காகத்தான் எழுதினேன்? வந்த ஆத்திரத்தில் புதிர்களை மட்டும் வெட்டியெடுத்தேன். கதை போயிற்று, வசனம் போயிற்று, முதல் வேலையாக வில்லன் போனான். முதல் குட்டி கேம் சீக்கிரமே தயாராகிவிட்டது. சிக்கிக் கிடக்கும் படகுக் கயிறுகளைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தோசையைப் பிய்த்துக்கொண்டே அவள் அதை ஆடினாள். படகுகள் பிரிந்து போயின. அவள் முகம் மலரவில்லை.

"அப்பா எங்கே?"

"எந்த அப்பா?"

"எங்கப்பாதான். பெரிய கேம்ல எல்லாத் துறையிலயும் குடையோட நின்னுண்டிருந்தாரே. அவ எங்கே போனாலும் முன்னாடியே போய்க் காத்துண்டு. நான் வேலை விட்டு வரச்சே பஸ் ஸ்டாப்ல நிப்பாரே, அதே நிப்பு. தீர்ந்துபோயிடுமேன்னு மெள்ள மெள்ள ஆடினேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "அப்பாகிட்ட உங்களுக்கு இத்தனை ஸ்நேகம் உண்டுன்னு நான் அறியவே இல்லை."

மாடியேறிப் போய்க் கிழவரைத் திரும்பத் துறையில் நிறுத்தினேன். இப்போது என் குட்டி கேம்கள் எல்லாவற்றிலும் ஒரு மூலையில் அவர் நிற்கிறார். ஆடுகிறவர்கள் இவர் எதற்கு என்று கேட்டு எழுதுகிறார்கள். சும்மா நிற்கிறார் என்று பதில் போடுகிறேன்.

இதோடு விட்டதா? அவள் தமிழ் எழுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பெரிய கேமில் அப்பா என்னவெல்லாம் சொல்கிறார் என்று வாசிக்க வேண்டுமாம்! அவள் இன்னும் உயிரெழுத்தைத் தாண்டவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். அதற்குள் படகோட்டியின் வசனம் முழுவதையும் அழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மாமனாருக்கு நல்ல வார்த்தை எழுதுவது எப்பேர்ப்பட்ட கஷ்டம் என்று எழுதிப் பார்த்தால் தெரியும். முதல் துறைக்கு மட்டும் ஒன்று அமைந்துவிட்டது: "மழை வரது, குடைக்குள்ள வா."

அது நான் யோசித்து எழுதியதல்ல. படகுத்துறையில் நனைந்துகொண்டு நின்ற என்னிடம் அவர் ஒருநாள் சொன்னது.