நெட் ஓடினால் போன் ஓடாது

"அண்ணா, நாளைக்கு ஈக்காட்டுத்தாங்கல் போகணும், இங்கேர்ந்து எந்த பஸ் போறது?"

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கேபினிலிருந்து எழுந்து வந்து சுதா கேட்டாள். சாதாரணக் கேள்விதான். ஆனால் எனக்கு உடனே பொறி தட்டியது. அதுதான் நான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவது பெயில். தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த என் எஸ்.டி.டி. பூத்தை பிரவுசிங் சென்டராக மாற்றினேன். மூன்று கம்ப்யூட்டர், பிளைவுட் தடுப்பு, ஒரு பழைய ஏ.சி. பட்டம் வாங்கியவர்கள் எல்லாம், "அண்ணே, கனெக்ட் ஆகல" என்று என் முன்னால் வந்து நின்றார்கள். இப்போது எனக்கு அடையாறிலும் தி.நகரிலும் கடை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் செல்போனில் ஆள் பிடித்துப் பழகுகிறார்கள். பழகட்டும். நேரில் பார்க்கப் போகும் முன்னால் மட்டும் இதைப் படித்துவிடட்டும்.

சுதா ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி, அது ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். தினமும் ஆபீஸ் விட்டு வந்து என் கடையில் சாட் செய்வாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமம்மா. அங்க இன்னா வேல?" என்று கேட்டேன்.

"ஒருத்தரைப் பார்க்கணும். ரெண்டு மாசமா சாட் பண்ணிண்டிருக்கோம். பேர் ரோஹித். முதல்ல பெசன்ட் நகர் பீச்னு சொன்னார். இப்போ அவர் ஆபீசுக்கே வரச் சொல்றார்."

என்னிடமா இந்தக் கதை? ஈக்காட்டுத்தாங்கலில் லேத்து பட்டறையில் எண்ணெய் துடைத்து வளர்ந்தவன் நான்.

"ஞாயித்துக்கிழம அங்க எல்லா ஷட்டரும் எறக்கிட்டு கீதும்மா. டீக்கடகூட தொறக்க மாட்டான். நீ கத்தினா யாரு வருவா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு இன்னொரு ஜாதகம் வேண்டாம்ணா. சேர்ந்து ஒரு காபி சாப்பிட, சிரிச்சுப் பேச ஒருத்தர் கெடைச்சா போதும். நான் முடியாதுன்னா இவரும் போயிடுவார்."

போகாதே என்று சொல்ல நான் யார்? போகிற விதத்தைத்தான் மாற்றச் சொன்னேன். "பீச்சுக்கே வரச் சொல்லு. நீயா பஸ்ல போவேன்னு சொல்லு. எங்க போற, யாரப் பாக்கறன்னு கடைக்காரருக்குத் தெரியும், போய்ச் சேர்ந்ததும் அவருக்கு போன் பண்ணுவேன்னும் சொல்லு."

அவள் தட்டினாள். நான் பின்னால் நின்றேன். 'என்னை ரவுடி என்று நினைத்தாயா?' என்று முதலில் வந்தது. அடுத்து, 'சரி, உன் வீட்டு அட்ரஸ் கொடு, காரில் வந்து கூட்டிப்போகிறேன்' என்று வந்தது. அவள் கொடுக்கவில்லை. 'நம்பிக்கை இல்லாதவளோடு எனக்கென்ன பேச்சு' என்று ஆள் போய்விட்டான்.

சுதா அழுதாள். "உங்களாலதான்!" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனவள் பல நாள் கடைப் பக்கம் வரவில்லை. நான் கவலைப்படவில்லை. திட்டுவதற்கு அவள் முழுசாக இருந்தாளே!

பெசன்ட் நகரில் ஒரு ரூபாய் போன்

திரும்பி வந்தபோது அவளே எல்லாம் கற்றுக்கொண்டிருந்தாள். சாட் பெயரில் இருந்த ஊரையும் பிறந்த வருஷத்தையும் எடுத்துவிட்டாள். ஆபீஸ் பெயரைச் சொல்வதில்லை. சில மாதம் கழித்து, முரளி என்று ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

"உன் கண்டிஷனுக்கு இன்னா சொன்னான்?"

"நல்லதாப் போச்சு, நானும் அக்காகிட்ட சொல்லிட்டு வரேன்னார்."

எனக்குத் திருப்தி. ஆனாலும் ஒரு ஏற்பாடு செய்தேன். பீச்சில் இருக்கும் காசு போடும் போனிலிருந்து அவள் கடைக்குப் பேச வேண்டும். 'பிரின்ட் ரெடியா' என்று கேட்டால் எல்லாம் சரி. 'கரண்ட் வந்துடுத்தா' என்று கேட்டால், என் ஆட்டோக்காரச் சிநேகிதன் பாஷாவோடு நான் கிளம்பிவிடுவேன். "கூல்டிரிங்ஸ் வாங்கினா உன் கண்ணு முன்னாடி ஒடச்சத குடி" என்றும் சொல்லி அனுப்பினேன். இவ்வளவு பக்காவாக வேறு எவன் யோசித்திருப்பான்?

சொன்ன நேரம் வந்தது. போன் அடிக்கவில்லை. கால் மணி போயிற்று. பாஷா ஆட்டோவில் உட்கார்ந்தபடி, "தலைவா, போலாமா வேணாமா?" என்று கத்தினான். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். கொய்ங் என்று மோடம் இரைச்சல்.

கடையில் இருந்தது ஒரே லைன். நெட் ஓடினால் போன் ஓடாது. அது தெரிந்தே மூன்று கேபினையும் நிரப்பி உட்கார வைத்திருந்தேன்!

ஒயரைப் பிடுங்கினேன். உள்ளேயிருந்து, "யோவ், ரிசல்ட் பாத்துக்கினு இருக்கேன்யா!" என்று ஒருவர் அலறினார். "வூட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வாய்யா!" என்று நானும் அலறினேன். ரிசீவரை வைத்தேன். காத்திருந்தேன். ஒருவழியாக அடித்தது.

"அண்ணா! எத்தனை தடவை பண்றது? எங்கேஜ்டாவே இருக்கு! பிரின்ட் ரெடியா?"

"ரெடிம்மா, ரெடி! இன்னும் ஏன் அங்கியே நிக்கற?"

"இந்த போன் எங்கேஜ்டுன்னாலும் காசை முழுங்கிடறது, சில்லறை தீர்ந்து போச்சு. நாளைக்குச் சொல்லிக்கறேன்னு நான்கூடச் சொன்னேன். முரளிதான் கேக்கலை. உங்க கடைக்காரர் பயந்துண்டிருப்பார், அவர்கிட்ட பேசிட்டே போலாம்னுட்டு, சுண்டல்காரன்கிட்ட ஓடி ஓடி ஒரு ரூபா காசா மாத்திண்டு வந்து குடுத்தார். இதோ, இன்னும் கை நெறைய வெச்சுண்டு நிக்கறார்."

பின்னால் ஒரு ஆண் குரல் சிரித்தது. நான் பாஷாவைப் பார்த்து, ஆட்டோவை ஆப் பண்ணு என்று கை காட்டினேன்.

அடுத்த மாதமே இரண்டாவது லைன் வாங்கினேன். அந்தத் தெருவிலேயே இரண்டு லைன் வைத்த முதல் கடை என்னுடையதுதான். சுதாவும் முரளியும் பிறகு என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, அது அவர்கள் பாடு. அவள் சிரித்த முகமாகக் கடைக்கு வந்துகொண்டிருந்தாள், எனக்கு அது போதும்.

பிள்ளைகளா, உங்கள் கையில் ஆளுக்கொரு போன் இருக்கிறது. எங்கேஜ்ட் என்ற பேச்சே இல்லை. எங்கே போகிறோம், யாரைப் பார்க்கிறோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அப்படிச் சொல்வது பிடிக்காமல் முறைத்துக்கொண்டு போகிறவன் போகட்டும். உங்களுக்காகக் காசு மாற்றிக்கொண்டு ஓடி வருகிறவனும் அதே பீச்சில்தான் நிற்கிறான்.