ஐஸ் கம்பெனியில் என் குரல்

அப்பா இறந்த பிறகு ஐஸ் கம்பெனி அண்ணன் பேருக்குப் போனது. எனக்கு வந்தது அங்கே மேஜைமேல் இருந்த போன் மட்டும். இப்படிச் சொன்னால் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். தூத்துக்குடியில் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஐஸ் விற்கிற தொழிலே போனில்தான் நடக்கிறது. என் கல்யாணம் நிலைக்காமல் வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தெரேஸ்புரத்துச் சின்னப் படகுக்காரர்கள் கரை திரும்பும்போது, டவர் கிடைக்கிற தூரத்துக்கு வந்ததும் எங்கள் நம்பருக்கு அடிப்பார்கள். ரெண்டு ரிங் போனதும் வைத்துவிடுவார்கள். நான் எடுக்கக் கூடாது. யார் நம்பர் என்று பார்த்து, அவர்களுக்கு வழக்கமாகப் போகிற ஐஸை உடைத்து வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். படகு வந்து சேரும்போது கரையில் ஐஸ் நிற்கும். பேசினால் காசு போன காலத்தில் தொடங்கிய பழக்கம், காசு போகாத காலத்திலும் நிற்கவில்லை. கடல் காற்றிலும் எஞ்சின் இரைச்சலிலும் பேச்சு பாதிதான் கேட்கும். ரிங் முழுதாக வந்து சேரும். ஒரு வார்த்தை பேசாமலே அத்தனை பேர் என்னை நம்பினார்கள். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அண்ணன் ஏதோ வியாபாரிகள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "இனிமே எல்லாம் இன்டர்நெட் போன்தான்" என்றான். பழைய லைன் மழைக்கு மழை செத்துப்போகும் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் ஆசை வேறு. விசைப்படகு முதலாளிகள் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் வரவேற்று, ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று சொல்ல வேண்டுமாம். பேங்குக்குப் போன் போட்ட மாதிரி இருக்க வேண்டுமாம். பேங்குக்குப் போன் போட்டு நிம்மதியாக வைத்தவன் எவனாவது உண்டா என்று கேட்டேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குரலுக்கு வெளியே ஆள் பிடித்தால் செலவு. "ஏளா, நீயே பேசிரு" என்றான். கம்பெனிக்குள் கம்ப்ரஸர் சத்தம் என்பதால் அவன் காரில் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியையும் அணைத்துவிட்டான். கழுத்தில் வியர்வை ஓட ஓட, நான் "வணக்கம்" என்று தொடங்கினேன். உடனே நிறுத்தினான்.

"எப்பவும் போனை எடுத்தா என்ன சொல்லுவியோ, அதையே சொல்லு. எடுத்தது நீதான்னு எல்லாவனும் நெனைக்கணும்."

அதனால் "சொல்லுங்க அண்ணாச்சி" என்று தொடங்கி, கொஞ்சம் மூச்சு விட்டு, ஐஸ் ஆர்டருக்கு ஒன்றை அழுத்தவும் என்று போனேன்.

போனைப் பொருத்த வந்தவரிடம், ரெண்டு ரிங் விட்டு வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ரெண்டாவது ரிங்கே போகாது மேடம். மொத ரிங்லயே சிஸ்டம் எடுத்துரும். ஒன்ன அழுத்துனாதான் உங்க மேஜையில மணி அடிக்கும்" என்றார் பெருமையாக. அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, படகுக்காரங்களுக்கு நான் ஒவ்வொருத்தரா போன் போட்டுச் சொல்லிருதேன்."

"ஒரு எளவும் சொல்ல வேண்டாம். நீ ஒவ்வொருத்தனுக்கா வெளக்கிக்கிட்டு இருந்தா கம்பெனி தரம் என்னத்துக்கு ஆவும்? எல்லாருக்கும் மெசேஜ் போவும்."

மெசேஜ் போனது. இங்கிலீஷில்.

சின்னப் படகு வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, அப்பா காலத்திலிருந்து எங்களிடம்தான் ஐஸ் எடுத்தார். என் கல்யாணத்துக்குக் கூடை கூடையாகச் சீலா மீன் கொண்டுவந்து இறக்கியவர். அந்தக் கல்யாணம் முறிந்தபோது ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காத ஒரே மனுஷன். போன் மாற்றிய அதே வாரத்தில் அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வலை நிறையக் கணவாய் மீன் பாடு. கரை நெருங்கும்போது வழக்கம்போல அடித்திருக்கிறார். எப்போதும் எடுக்காத நான் எடுத்து, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றிருக்கிறேன். எடுத்துவிட்டாளே என்று அவரும் சொல்லியிருக்கிறார்: "வந்துட்டோம்ளா. கணவாய் நெறைய கெடக்கு. எப்பவும் போறதுக்கு மேல ஐஸ் போட்டு அனுப்பு." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நானோ அந்த நேரம் புதுப் போனின் முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு யாரும் கடலுக்குப் போகவில்லையோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உச்சி வெயிலில் வண்டிக்காகக் காத்திருந்தவர் மறுபடி அடித்திருக்கிறார். "வண்டி எங்கேளா?" என்று அவர் கத்தக் கத்த, என் குரல் அதுபாட்டுக்கு ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வேறு கம்பெனிக்கு ஆள் அனுப்பி ஐஸ் வாங்குவதற்குள் கணவாய் வெளுப்பு மாறிச் சிவந்துவிட்டது. ஏற்றுமதிக்கு எடுக்கிறவர்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கெட்டுப்போன கணவாய்ப் பெட்டியோடு நேராக எங்கள் கம்பெனிக்கு வந்தார். அண்ணன் வாசலில் நின்று இரண்டு விசைப்படகு முதலாளிகளிடம் புதுப் போனின் பெருமையைத்தான் அளந்துகொண்டிருந்தான். அவர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏளா, உன்கிட்ட சொன்னேன்லா?"

"அண்ணாச்சி, அது நான் இல்ல. மெசின்."

"மெசினா என்னைய அண்ணாச்சின்னு கூப்பிட்டுச்சி?"

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "போனை மாத்துனா மாத்திக்கிடும். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமாவே?"

அண்ணன் என்னைப் பார்த்தான், முதலாளிகளைப் பார்த்தான். "எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிருன்னு இவகிட்டதான் சொல்லி வச்சிருந்தேன் அண்ணாச்சி. மறந்துட்டா. பொம்பளைப் பிள்ளை, என்ன செய்ய?"

"அண்ணே!" என்றேன்.

"உள்ள போயி டீ சொல்லு" என்றான்.

அண்ணாச்சி டீக்கு நிற்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் ஐஸ் எடுக்கவில்லை.

முதலாளிகள் போனதும் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அவனுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. "உன் பேரு கெட்டா நீ தாங்கிக்கிடுவ. கம்பெனி பேரு கெட்டா யாருளா தாங்குவா?" என்றான். இதற்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார எனக்கு மனசு வரவில்லை. துணிக்கடை ஒன்றில் பில் போடுகிற வேலைக்குப் போனேன். போகும்போது ஒன்றே ஒன்று கேட்டேன், போனிலிருந்து என் குரலை எடுத்துவிடு என்று.

"கெடந்துட்டுப் போவுது. உன் சத்தம் என்ன சோறா கேக்குது?" என்றான். புதுக் குரலுக்குக் காசு கொடுக்க வேண்டுமே, அதுதான் விஷயம்.

போன மாதம் அந்த அண்ணாச்சியின் மனைவி கோயில் திருவிழாவுக்குச் சேலை எடுக்கக் கடைக்கு வந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை. அதுவே எனக்குத் தைரியம் கொடுத்தது. பில் போடுகிற சாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லப் போனதையும், அண்ணன் வேண்டாம் என்று தடுத்ததையும், பிறகு எல்லார் முன்னாலும் பழியை என்மேல் போட்டதையும்.

"விடுளா. மனுசருக்கு மறதி சகஜம்தான்" என்றார்.

"மறக்கலக்கா. அவன் சொன்னது பொய்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவன் எதுக்குளா உன்மேல பொய் சொல்லப் போறான்? நீ கோவிச்சிக்கிட்டு வந்த பொறவும் அங்கன போன் போட்டா உன் சத்தம்தான் கேக்குது. இன்னும் எடுக்காம வச்சிருக்கான். பாசம் இல்லாமலா?"

அவர் அதை நம்பித்தான் சொன்னார். எனக்குப் புத்தி சொல்லவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.