வேட்டி போர்த்திய ஓவியம்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஓர் ஓவியம் வந்தது. நான் கேட்கவில்லை. வாங்கவும் இல்லை. வந்தது!

கொடைக்கானல் பஜாரில் ஆரோக்கியம் குடும்பத்தைத் தெரியாதவர்கள் குறைவு. சாமி படங்களுக்கு ஃபிரேம் போட்டுக்கொண்டிருந்தவர்கள். திடீரென்று நவீன ஓவியப் பித்து பிடித்தது – ஒருவருக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கும். கடை, கேலரி ஆனது. ஆரோக்கியம், மனைவி மேரி, மகன், மருமகள்... நாலு பேரும் மலைக்கிராமங்களில் ஓவியர்களைத் தேடிப்பிடித்துக் கண்காட்சி வைக்கிறார்கள். டூரிஸ்ட்டுகள் எட்டிப் பார்த்து, "ஹோம்மேட் சாக்லேட் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

சளைத்தார்களா? இல்லையே! ஜனங்கள் வராவிட்டால், ஜனங்களின் வீட்டுக்குப் படம் போகட்டும் என்று கிளம்பிவிட்டார்கள்.

"வாங்க வேணாம் சார். ஒரு மாசம் ஹால்ல மாட்டிப் பாருங்க, போதும்" என்று ஆரோக்கியமே ஆணி அடித்துவிட்டுப் போனார்.

ஆளுயரப் படம். ஒரே சாம்பல் நிறம். அங்கங்கே வெள்ளைக் கீறல். வரைந்தவர், பள்ளங்கி கிராமத்தில் பூண்டு விவசாயம் பார்க்கும் செல்வராணி. அவர் படம் வெளியே போவது இதுதான் முதல் தடவை.

மாட்டியதோடு விட்டார்களா? தினமும் ஆரோக்கியத்தின் மருமகளிடமிருந்து போன். "இன்னிக்கு என்ன தெரிஞ்சுச்சு அங்கிள்?"

என்னத்தைத் தெரிய? பைப் ரிப்பேருக்கு வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, "சுவர்ல ஓதம் ஏறிக் கெடக்கு, வெரசா பாத்துருங்க" என்றார்!

இந்த நேரத்தில்தான் என் மகளைப் பெண் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒழுகுகிற வீடு என்று நினைத்துவிட்டால்? ஒரு வேட்டியை எடுத்துப் படத்தின் மேல் போர்த்தினேன். அவர்கள் போன பிறகும் எடுக்கவில்லை. நிம்மதியாக இருந்தது, ஐயா!

மூன்றாம் நாள் மேரி வந்தார். கூடவே செல்வராணி. தன் படம் ஒரு வீட்டில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, வெள்ளனே பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

வேட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெயில் படாம இருக்கத்தான் மூடி வச்சிருக்கீங்களா சார்?"

"ஆமாம்மா" என்றேன். வெளியே ஒரு வாரமாக மூடுபனி!

மேரி வேட்டியை உருவினார். செல்வராணி முந்தானையால் படத்தைத் துடைத்தார். கீழ் மூலைக்கு வந்ததும் கை நின்றது. "இந்த எடத்துக்குத்தான் ரெண்டு மாசம் ஆச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அங்கே, நகக்கண் அளவுக்கு ஒரு பச்சை. மூன்று வாரம் அதே ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறேன். அந்தப் பச்சை கண்ணில் படவே இல்லை.

நம் ஆட்களே இப்படித்தான். பார்ப்பதற்கு முன்னால் 'புரியவில்லை' என்று சொல்லிவிடுவோம். இதில் எனக்குப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்ற பெயர் வேறு!

செல்வராணி காபி குடித்தார். "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் குடும்பமே வந்து படத்தைக் கழற்றியது.

"இன்னும் ஒரு வாரம் இருக்கே?" என்றேன்.

"அந்தம்மா ஒண்ணும் சொல்லலைங்க. நாங்கதான் ஆள் தெரியாம குடுத்துட்டோம்" என்றார் ஆரோக்கியம்.

மன்னிப்புக் கேட்டேன். கெஞ்சினேன். மேரி ஆணியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனார்.

இப்போது படம் ஒரு பல் டாக்டரின் வெயிட்டிங் ஹாலில். அந்தப் பச்சையைப் பார்க்க இரண்டு தடவை போனேன். "பேஷண்ட் மட்டும்தாங்க உக்காரணும்" என்கிறார் ரிசப்ஷனில் இருக்கும் பெண்.

வேறு வழி? போன வாரம் ஒரு கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்!