சூரியனைத் துரத்திக்கொண்டு பம்பாய்க்கு

ஐம்பதுகளின் நடுவில், ஒரு ரமழான் மாதத்தில், கொழும்பிலிருந்து பம்பாய்க்குப் போன விமானத்தில் நடந்தது இது. என் கணவருக்கு வயிற்றில் கட்டி. பம்பாயில்தான் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரான சாய்ந்தமருதிலிருந்து கொழும்புக்கு வந்து சேரவே ஒரு நாள் போதவில்லை. அங்கிருந்து ஏறக்குறைய ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் பம்பாய்க்கு ஐந்து மணி நேரம்தான் என்றார்கள். நான் நம்பவேயில்லை.

நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை உண்டு. விட்டதைப் பிறகு கழாவாகப் பிடித்துக்கொள்ளலாம். இவரோ இரண்டுமாக இருந்துகொண்டு ஒரு நோன்பையும் விடமாட்டேன் என்று நின்றார். "கழாப் பிடிக்க நான் இரிப்பன் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

பகலில் ஏறினால், எங்கள் பள்ளிவாசலில் பொழுது பட்டு மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லும் நேரத்துக்கு விமானத்திலேயே நோன்பு துறந்துவிடலாம் என்று குடும்பமே கூடிக் கணக்குப் பார்த்தது. பேரீச்சம்பழமும் தண்ணீர்ப் போத்தலும் என் மடியில் தயாராக இருந்தன.

கைக்கடிகாரத்தில் அந்த நேரம் வந்தது. சூரியன் மட்டும் அசையாமல் வெளியே நின்றது. மேற்கே இருக்கிற பம்பாய்ப் பக்கம் பொழுது பிந்தித்தான் படும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவருக்கு உதடு வறண்டுபோனது.

ஜன்னலோரம் ஒரு பெண் இருந்தார். கல்முனையில் படிப்பிக்கிறவர், மெதடிஸ்த சபைக்காரர் என்று ஏறும்போதே கதைத்திருந்தோம். அவருக்கு வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. சாப்பிடச் சொன்னேன். "இரிக்கட்டும், சேந்து சாப்பிடுவம்" என்றார்.

நான் அவர் காதருகே குனிந்து, "பொழுது பட்டுட்டு எண்டு சொல்லி அந்தத் திரைய இழுத்து உடுங்களன்" என்று கெஞ்சினேன். அவர் கோபிக்கவில்லை. எழுந்து, "அண்ணன், இதில இரிந்து நீங்களே பாருங்க" என்று தன் இடத்தை இவருக்குக் கொடுத்தார்.

இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். உடம்பு முழுக்க உதறியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மௌத்தாகிறதுக்குத்தான் போறீங்க எண்டா என்னை ஏன் கூட்டிக்கு வந்தீங்க? ஒரு கழா பாக்கி இரிந்தாலாவது, அதைப் பிடிக்கத் திரும்பி வருவீங்க!"

சாவு என்ற சொல்லை யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. முன்வரிசைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவர் என்னைப் பார்த்தார். பிறகு சூரியனைப் பார்த்தார். "தா புள்ள" என்று கையை நீட்டினார். முகத்தில் வெயில் அடிக்க அடிக்க அந்தப் பேரீச்சம்பழத்தைத் தின்றார். எனக்கு அழுகை வந்தது.

நான் என் நோன்பை விடவில்லை. பொழுது படும்வரை அந்தப் பெண்ணும் தன் சாப்பாட்டைத் தொடவில்லை.

சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஊருக்கு வந்து உடம்பு தேறியதும் இவர் முதல் வேலையாக அந்த ஒரு கழாவைப் பிடித்தார். வாங்கு கேட்டதும் சிரித்துக்கொண்டே, "பாக்கி முடிஞ்சிட்டு. இனி என்னத்தைச் சொல்லி என்னை வெச்சிரிப்பாய்?" என்று கேட்டார். "அடுத்த நோன்பு வருமே" என்றேன்.

அதன்பிறகு அவர் எத்தனையோ நோன்பு பிடித்துவிட்டார். ஆனாலும் நான் துஆக் கேட்கக் கையேந்தும்போது, அவர் வானத்தில் விட்ட அந்த ஒரு நோன்புக்குத்தான் முதலில் நன்றி சொல்கிறேன்.