பத்தாம் நாள் மங்களம்

மனநலம் பற்றித் தெருநாடகம் எழுதித் தருவது என் வேலை. முதலில் எழுதியதைச் சிதம்பரத்தில் போட்டோம். தலைவிரிகோலமாக ஒருத்தி அலறுவாள். டாக்டர் வந்து அறிவுரை சொல்வார். டாக்டர் வாயைத் திறந்ததும் பாதிக் கூட்டம் காலி. எனக்கு ஆத்திரமாக வந்தது. யோசித்துப் பார்த்தால், நானாக இருந்தாலும் எழுந்து போயிருப்பேன்.

அசல் கதை என் அக்கா வீட்டிலேயே இருந்தது. அக்காவின் கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் வேலை. மாதக்கணக்காகத் தூக்கமில்லை. தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்புவார். வேலைக்குப் போகாமல், ஷிப்ட் முடியும்வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார். அக்கா கட்டிக்கொடுத்த சோற்றை நாய்க்குக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவோடு திரும்புவார். என்னிடம் மட்டும்தான் இதைச் சொன்னார். டாக்டரிடம் போவோம் என்றால், "எனக்கென்னா பைத்தியமா மச்சான்?" என்று கையை உதறிவிடுவார்.

அவரிடம் கேட்டுக்கொண்டு, ஊரையும் தொழிலையும் மாற்றி அதையே எழுதினேன். சிதம்பரம் பக்கத்தில் கிள்ளை என்ற ஊரில் போட்டோம். நடிகர் சோற்றைக் கொட்டியபோது கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. கூட வந்திருந்த மாமா, திரும்பும் வழியில், "நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம் மச்சான்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் முடிவை நான் கெடுத்திருந்தேன். எங்கள் குழுவில் பாதிப்பேர் கூத்துக் கட்டுகிறவர்கள். மங்களம் பாடாமல் எதையும் முடிக்க மாட்டார்கள். "குடும்பம் அழுவுறாப்ல உட்டுட்டுப் போவக்கூடாதுங்க" என்று அவர்களுடைய கூத்து வாத்தியார் பிடிவாதம் பிடித்தார். சரியென்று, மாத்திரை சாப்பிட்ட பத்தாம் நாளே அந்த மனிதர் சிரித்துக்கொண்டு வேலைக்குப் போவதாக எழுதிக்கொடுத்தேன். நல்ல கைதட்டல்.

மாமா டாக்டரைப் பார்த்து மாத்திரை தொடங்கி மூன்று வாரம் கழித்து அக்கா போனில் அழுதாள். மாமா மாத்திரையை நிறுத்திவிட்டார், படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. ஓடினேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நாடகத்துல பத்து நாள்ல சரியாயிடுச்சு. எனக்கு ஆவல. அப்ப எனக்குத் தீராது மச்சான்."

குணமாக வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் என் எதிரில்தான் அவரிடம் சொல்லியிருந்தார். மாமா டாக்டரை நம்பவில்லை, என்னை நம்பினார்.

"அந்தக் கடைசி மட்டும் பொய் மாமா. நான்தான் எழுதுனேன்."

மாமா என் பக்கம் திரும்பினார். "அப்ப எனக்கு இன்னும் சரியாவலன்னு எழுது. படிச்சுக் காட்டு. அப்பறம் டாக்டர்கிட்ட வரேன்."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிப் படித்தேன். மறுநாள் டாக்டர் வாசலில் டோக்கனோடு காத்திருந்தோம். கூப்பிட ரொம்ப நேரமானது. மாமா எழுந்து போய்விடவில்லை.